பெல்லட் கிரில்: நான்கு நிமிடச் சூட்டுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

கேள்வி: டெக்சாஸில் பிளேனோ பக்கம் இருக்கிறோம். நான்கு பேர் குடும்பம், மாதம் ஓரிரு முறை நண்பர்கள் வருவார்கள். பழைய கேஸ் கிரில் துருப்பிடித்துப் போனதால் பெல்லட் கிரில் வாங்கலாம் என்று பார்க்கிறோம். சிக்கனும் ரிப்ஸும் நிதானமாகப் புகையில் வேக வேண்டும். ஸ்டேக், ஆட்டுச் சாப்ஸ் எல்லாம் மேலே நன்றாக முறுகவும் வேண்டும். 600 டாலருக்கு மேல் போக முடியாது. "500 டிகிரி வரை போகும், சூப்பராக சியர் ஆகும்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? இதை டவுன்ஹவுஸ் பின்பக்கம் சின்ன பேஷியோவில் வைக்கலாமா?

பதில்: 600 டாலருக்குள் நீங்கள் கேட்கும் இரண்டும் கிடைக்கும். ஆனால் அந்த 500 என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, கிரில் அந்தச் சூட்டுக்குப் போகத்தான் செய்யும். இறைச்சி மேலே முறுகுவதை, அதாவது சியர் ஆவதை, தீர்மானிப்பது அந்த எண் இல்லை, அவ்வளவுதான். (இங்கே சொல்லும் டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்.)

பெல்லட் கிரில் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பக்கத்தில் இருக்கும் ஹாப்பர் என்ற தொட்டியில் மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டைக் கொட்டுகிறீர்கள். ஆகர் என்ற திருகு சுழன்று சுழன்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவில் இருக்கும் சின்ன இரும்புக் கிண்ணத்துக்குள் தள்ளுகிறது. இதுதான் ஃபயர்பாட். ஒரு மின்கம்பி பழுத்துத் தீ மூட்ட, ஒரு மின்விசிறி ஊதிக்கொண்டே இருக்கிறது. தீ அந்தக் கிண்ணத்தோடு சரி. அதற்கு மேலே ஒரு தகடு, அந்தத் தகட்டுக்கு மேலே கொழுப்பு வடியும் சாய்வுத் தட்டு, அதற்கும் மேலேதான் உங்கள் கறி. தீக்கும் கறிக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. சூடான காற்றும் புகையும் ஓரங்களைச் சுற்றி மேலே வந்து கறியை வேகவைக்கின்றன. மரப்புகை வரும் கன்வெக்‌ஷன் ஓவன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படி வடிவமைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1980களில் ஆரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் இதை உருவாக்கியபோது, ஆள் பக்கத்தில் நிற்காமலே மணிக்கணக்காக ஒரே சூட்டில் வேகவைப்பதுதான் நோக்கம். 2006இல் அவருடைய காப்புரிமை முடிந்ததும் மற்ற கம்பெனிகள் இறங்கின, விலையும் இறங்கியது. இன்று 400, 500 டாலருக்கு பெல்லட் கிரில் கிடைப்பது அதனால்தான். சியர் செய்வது அதன் பிறவிக் குணம் இல்லை, பின்னால் ஒட்டவைத்தது. ஒவ்வொரு கம்பெனியும் எப்படி ஒட்டவைத்தது என்பதைத்தான் நீங்கள் பார்த்து வாங்க வேண்டும்.

450 டிகிரியில் இருக்கும் ஓவனுக்குள் ஒரு நொடி கையை விட்டு எடுத்தால் ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கும் இரும்புத் தட்டை விரல் நுனியால் தொட்டுவிட்டால் கொப்பளம்தான். சூடு இரண்டுக்கும் ஒன்றே, ஆனால் காற்று மெதுவாகக் கொடுப்பதை இரும்பு உடனே கொடுத்துவிடுகிறது. சியருக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகைச் சூடு. கறியின் மேல் ஈரம் காய்ந்து, சுமார் 300 டிகிரியைத் தொட்டால்தான் அந்தப் பழுப்பு நிறமும் வாசனையும் வரும். மெதுவாகச் சூடு கொடுத்தால் மேலே நிறம் வருவதற்குள் உள்ளே முழுக்க வெந்து சாம்பல் நிறமாகிவிடும். சூட்டை வேகமாகக் கொடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று தீயோ தணலோ நேராகத் தாக்க வேண்டும், இல்லையென்றால் கனமான இரும்பு கறியோடு ஒட்டி உட்கார வேண்டும். மலிவு கிரில்களில் வரும் மெல்லிய கம்பி வலை இரண்டையும் செய்யாது. குளிர்ந்த கறியை வைத்ததும் கம்பியில் இருந்த சூடு இறங்கிவிடும். நான்கு கோடு விழும், நடுவெல்லாம் வெளுத்துக் கிடக்கும்.

சரி, சந்தையில் என்ன இருக்கிறது? உங்கள் பணத்துக்குப் பொருந்துவது முதலில் பிட் பாஸ் கம்பெனியின் வகை. அந்தச் சாய்வுத் தட்டின் நடுவில், ஃபயர்பாட்டுக்கு நேர் மேலே, துளைகள் இருக்கும். ஒரு கைப்பிடியை இழுத்தால் மூடி நகர்ந்து துளை திறக்கும், தீ நாக்கு நேராகக் கறியைத் தொடும். வால்மார்ட், லோஸ் போன்ற கடைகளில் பெரும்பாலும் 400 முதல் 600 டாலருக்குள் பார்க்கலாம். விளம்பரத்தில் 1000 டிகிரி என்பார்கள். அது தீ நாக்கு தொடும் இடத்துக் கணக்கு, வலை முழுக்க அந்தச் சூடு வராது. திறக்கும் பகுதி சின்னது, ஒரு நேரத்தில் இரண்டு ஸ்டேக் வைக்கலாம். அதிலும் நடுவில் இருப்பது சீக்கிரம் கருகும் என்பதால் பக்கத்திலேயே நின்று புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு பேர் குடும்பத்துக்கு இது போதும்.

டிரேகரின் குறைந்த விலை மாடல்கள் சிலவும் இசட் கிரில்ஸ் மாடல்கள் பலவும் 450 டிகிரியோடு நின்றுவிடும், தீயைத் திறக்கும் வசதியும் இருக்காது. புகையில் வேகவைக்க இவை அருமையானவை. சியருக்கு மட்டும் துணைக்கு வேறு ஏதாவது வேண்டும். கேம்ப் செஃப் கம்பெனி பக்கத்தில் மாட்டும் புரொபேன் பர்னரைத் தனியாக விற்கிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு அது, ஆனால் கிரில்லையும் பர்னரையும் சேர்த்தால் உங்கள் 600 தாண்டிவிடும். தள்ளுபடியில் வந்தால் விடாதீர்கள், உங்கள் மாடலில் அதை மாட்ட முடியுமா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். வெபர் 2024இல் கொண்டுவந்த சியர்வுட் 600 டிகிரி வரை போகும், தீயும் நேரடியாக மேலே வரும். உண்மையாகவே நன்றாக சியர் செய்யக்கூடியது, ஆனால் விலை உங்கள் கணக்குக்கு வெளியே. ரெக்டெக்கின் புல்ஸ்ஐ உருண்டைக் கெட்டில் வடிவத்தில் வரும், 700 டிகிரியையும் தாண்டும். இடம் குறைவு என்பதால், ரிப்ஸை வரிசையாக அடுக்க நினைக்கும் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

இனி என் கருத்து. உங்கள் வீட்டில் சிக்கன் ஒன்றரை மணி நேரம் வேகும், ரிப்ஸ் ஐந்தாறு மணி நேரம். சியர் என்பது ஒரு ஸ்டேக்குக்கு மொத்தமாக நான்கு நிமிட வேலை. அந்த நான்கு நிமிடத்துக்காகக் கூடுதலாக 400, 500 டாலர் கொடுக்கத் தேவையே இல்லை. மணிக்கணக்கான வேலையைச் சரியாகச் செய்யும் கிரில்லாகப் பார்த்து வாங்குங்கள், நான்கு நிமிட வேலைக்கு 30 டாலரில் வழி இருக்கிறது. கடையில் நிற்கும்போது முதலில் மூடியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருக்கிறதா, மூடினால் ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா என்று கவனியுங்கள். கன்ட்ரோலர் பிஐடி வகையா என்று கேளுங்கள், சூட்டை ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாமல் பிடித்து வைப்பது அதுதான். "700 சதுர அங்குலம்" என்று அட்டையில் இருந்தால் பெரும்பாலும் மேல்தட்டையும் சேர்த்துச் சொல்கிறார்கள், கீழ்வலை மட்டும் எவ்வளவு என்று பாருங்கள். மெமோரியல் டே, தந்தையர் தினம், லேபர் டே வாரங்களில் விலை இறங்கும்.

அந்த 30 டாலர் வழி, கனமான வார்ப்பிரும்பு வாணலி. லாட்ஜ் கம்பெனியின் 12 அங்குல வாணலி போதும். வீட்டில் பழைய வார்ப்பிரும்பு தோசைக்கல் இருந்தால் அதுவும் இந்த வேலைக்கு அச்சு அசலாகப் பொருந்தும், தட்டையாக இருப்பதால் கறி முழுக்க ஒட்டும். மெல்லிய இரும்புத் தகட்டுக் கல் வேண்டாம், அது சூட்டைத் தாங்கி வைக்காது. அப்புறம், கறிக்குப் பழக்கிய கல்லில் மறுநாள் தோசை வார்க்க நினைக்காதீர்கள். கொழுப்பு வாசனை ஏறிவிடும், இதற்கென்று ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்.

செய்முறை இப்படி. ஒன்றரை அங்குல கனமுள்ள ரிப் ஐ துண்டுகளை முதல்நாள் இரவே உப்புத் தடவி, மூடாமல், கம்பித் தட்டின் மேல் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் தொட்டுப் பார்த்தால் மேல்தோல் காகிதம் மாதிரி காய்ந்திருக்கும். பாதி சியர் அங்கேயே முடிந்துவிட்டது. கிரில்லை 225இல் வைத்து, உள்ளே 115 டிகிரி வரும்வரை புகையில் விடுங்கள். நடுவில் குத்தும் தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். கறியை வெளியே எடுத்துவிட்டு, கல்லை உள்ளே வைத்து, கிரில்லை முழுச் சூட்டுக்கு ஏற்றுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். திரையில் 450 தெரிந்ததும் கல்லும் 450க்கு வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது, முழுதாக அரை மணி நேரமாவது வேண்டும். 20, 30 டாலருக்கு லேசர் தெர்மாமீட்டர் கிடைக்கும், கல்லின் மேலேயே காட்டிப் பாருங்கள். சூடு ஏறியதும் கறியை நன்றாகத் துடைத்து, எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் கறியின் மேல் லேசாகத் தடவி வையுங்கள். அழுத்துங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முறுகும். மூடி திறந்து மூடும்போதெல்லாம் உள்சூடு போகும், அதனால் புரட்டுவதை மளமளவென்று முடியுங்கள். உள்ளே 130 வந்தால் மீடியம் ரேர். அமெரிக்க வேளாண் துறை முழுத்துண்டு மாட்டிறைச்சிக்கும் ஆட்டிறைச்சிக்கும் சொல்வது 145 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். சிக்கனுக்கு 165, அதில் பேச்சுக்கே இடமில்லை.

நண்பர்கள் வரும் நாளில் எட்டு ஸ்டேக் என்றால் ஒரு கல் பத்தாது. அதற்குக் கரி மூட்டும் சிம்னி (உருளை வடிவ இரும்புக் கூடு) உதவும், 20, 30 டாலருக்குள் கிடைக்கும். அதை சிமென்ட் தரையில் வைத்து, கரி முழுக்கக் கனன்றதும், வாய் மேல் ஒரு சின்னக் கம்பி வலையைப் போட்டு ஒவ்வொரு ஸ்டேக்காக வைத்து எடுங்கள். கனன்ற கரியின் மேற்பரப்பு 1000 டிகிரிக்கு மேல் இருக்கும், பக்கத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மரத் தளத்தின் மேல் இதைச் செய்யவே கூடாது. பெல்லட் கிரில்லுக்குள் கரியைக் கொட்டவும் கூடாது.

ஆட்டுச் சாப்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் சியர் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். தயிரும் இஞ்சி பூண்டும் மிளகாய்த்தூளும் பூசி ஊறவைத்ததை அப்படியே சூடான கல்லில் போட்டால் முதலில் தயிர்த் தண்ணீர் கொதிக்கும், பிறகு மசாலா கருகிக் கசக்கும், கறி மட்டும் முறுகாமலே வெந்துவிடும். மசாலாவை முழுக்க வழித்துத் துடைத்துவிட்டு வையுங்கள். இன்னும் நல்லது, உப்பும் மிளகும் மட்டும் போட்டு சியர் செய்து, இறக்கும் முன் மிளகாய்த்தூள், சோம்புத்தூள் கலந்த வெண்ணெயைத் தடவுவது. சாப்ஸ் மெல்லியது என்பதால் 115 வரை புகையில் விட வேண்டாம். 15 நிமிடப் புகை, உடனே கல் என்று முடித்துவிடுங்கள். உள்சூட்டைத் தெர்மாமீட்டரில் பார்த்தே இறக்குங்கள்.

பிட் பாஸ் மாதிரி தீத்துளை உள்ளதை வாங்கினால் ஒரு எச்சரிக்கை. ஐந்து மணி நேரம் ரிப்ஸ் வேகவைத்த தட்டில் கொழுப்பு தேங்கியிருக்கும், அன்றைக்கே துளையைத் திறந்து முழுச் சூட்டில் சியர் செய்தால் அது குபீரென்று பிடித்துக்கொள்ளும். தட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகுதான் திறக்க வேண்டும். அப்படியும் பிடித்துவிட்டால் மூடியைத் திறக்காதீர்கள், மின்சாரத்தை நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். மற்ற நாட்களில் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கக் கூடாது. ஷட்டவுன் பொத்தானை அழுத்தினால் மீதிப் பெல்லட் எரிந்து முடியும்வரை விசிறி ஓடும், அது முடியட்டும். நடுவில் நிறுத்தினால் தணல் ஆகர் வழியாக ஹாப்பர் பக்கம் பின்னோக்கி நகர வாய்ப்பு உண்டு. ஓரிரு மூட்டை எரிந்ததும், நன்றாக ஆறிய பிறகு, ஃபயர்பாட் சாம்பலை ஷாப்வேக் என்ற பட்டறை வாக்யூமால் உறிஞ்சி எடுங்கள். சாம்பல் அடைத்த ஃபயர்பாட் சியர் சூட்டுக்கே ஏறாது. பெல்லட் ஈரம் பட்டால் மரத்தூளாக உதிர்ந்து ஆகரில் சிக்கிக்கொள்ளும், மூடி போட்ட வாளியில் வையுங்கள்.

பேஷியோ விஷயம். அபார்ட்மென்ட் மாதிரிப் பல குடும்பக் கட்டடங்களில், எரியக்கூடிய சுவரிலிருந்தும் மேற்கூரையிலிருந்தும் 10 அடி தள்ளியே கிரில் வைக்க வேண்டும் என்ற தீ விதி அமெரிக்காவின் பல ஊர்களில் இருக்கிறது. டவுன்ஹவுஸுக்கு அது பொருந்துமா என்பது ஊருக்கு ஊர் மாறும், எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) தனியாக ஒரு விதி வைத்திருக்கலாம். வாங்குவதற்கு முன் எச்ஓஏவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். நகரத் தீயணைப்புத் துறையையும் கேளுங்கள். அப்படியே வெளிச்சுவரில் மின்சார பிளக் எங்கே இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். கிரில்லுக்கு மின்சாரம் இல்லாமல் எதுவும் நடக்காது. சுவரிலிருந்து 10 அடி தள்ளி வைத்தால் பெட்டியோடு வரும் வயர் எட்டாது, வெளியே பயன்படுத்தத் தகுந்த தடிமனான எக்ஸ்டென்ஷன் வயரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.