பின்லாந்து வம்பை விலைக்கு வாங்கியதா?

கேள்வி: எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடுநிலை வகித்து நிம்மதியாக இருந்த பின்லாந்து, அமெரிக்காவின் பேச்சைக் கேட்டு நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்து வம்பை விலைக்கு வாங்கிவிட்டதே?
– வாசகர் ஒருவர்

பதில்: ரஷ்யாவோடு சுமார் 1,340 கிலோமீட்டர் நில எல்லை கொண்ட நாடு வம்பை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, அது வாசலிலேயே நிற்கிறது. 1939 நவம்பர் 30 அன்று ஸ்டாலினின் படைகள் எல்லை தாண்டியபோது, பின்லாந்து எந்த ராணுவக் கூட்டணியிலும் இல்லை. 105 நாட்கள் போரிட்டு, தன் தென்கிழக்குப் பகுதியான கரேலியாவின் பெரும்பகுதியை இழந்து, அங்கிருந்து வெளியேறிய 4 லட்சம் பேருக்கு எஞ்சிய நிலத்தில் இடம் தேடித் தர வேண்டியிருந்தது. 1941-இல் ஜெர்மனியின் பக்கம் நின்று மீண்டும் போரிட்டு அதிலும் தோற்ற பிறகு, சோவியத் யூனியனோடு 1948-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் நிழலில் வளர்ந்ததுதான் தாங்கள் புகழும் நடுநிலை. அது அவர்கள் விரும்பித் தேர்ந்த வழி என்பதைவிட, பிழைத்திருக்க எஞ்சிய வழி என்பதே சரி.

அந்த நடுநிலை ஆயுதமற்றதாகவும் இருந்ததில்லை. பனிப்போர் முடிந்ததும் ஐரோப்பிய நாடுகள் பலவும் கட்டாய ராணுவ சேவையைக் கைவிட்டபோது, பின்லாந்து கைவிடவில்லை. சுமார் 56 லட்சம் மக்கள் கொண்ட அந்நாடு போர் வந்தால் 2 லட்சத்து 80 ஆயிரம் பேரைக் களத்தில் நிறுத்தும். ஹெல்சின்கியின் மெரிஹாக்கா பகுதியில் பாறையைக் குடைந்து அமைத்த கூடத்தில் இன்று இளைஞர்கள் பந்து விளையாடுகிறார்கள், குழந்தைகள் சறுக்கி ஆடுகிறார்கள். ஆபத்து வந்தால் 72 மணி நேரத்துக்குள் அதை ஒழித்துக்கொடுத்து 6,000 பேர் தஞ்சம் புகும் பதுங்கிடமாக்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. 64 எஃப்-35 போர் விமானங்களை வாங்க முடிவெடுத்ததும் 2021 டிசம்பரில், அதாவது உக்ரைன் மீதான ரஷ்யாவின் முழுப் படையெடுப்புக்கு முன்பு.

ஆகவே பெரிதும் மாறியது ராணுவமன்று, வெளியுறவுக் கொள்கையே. நேட்டோ இனி யாரையும் சேர்க்கக் கூடாது என்று மாஸ்கோ அந்த டிசம்பரிலேயே நிபந்தனை விதித்தது. பின்லாந்து எங்கே சேரலாம், சேரக் கூடாது என்பதை அண்டை நாடு தீர்மானிக்கும் என்பதே அதன் பொருள். அந்தப் படையெடுப்பு தொடங்கிய 2022 பிப்ரவரி 24-க்குப் பிறகு, அதுவரை நான்கில் ஒரு பங்கினர் அளவிலேயே இருந்த நேட்டோ ஆதரவு மே மாதத்துக்குள் நான்கில் மூன்று பங்காக உயர்ந்தது. நாடாளுமன்றத்தில் ஆதரவு 188, எதிர்ப்பு 8. இத்தனை பேரும் வாஷிங்டனின் பேச்சைக் கேட்டு ஆடினார்கள் என்பது, தம் பாட்டன்மார் போரில் மாண்ட கதையைக் கேட்டு வளர்ந்த அந்த மக்களைச் சிறுமைப்படுத்துவதாகும்.

ஆனால் 2023 ஏப்ரல் 4 அன்று கூட்டணியின் பாதுகாப்பைப் பெற்ற பிறகும், கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்திலிருந்து விலக 2025-இல் அதே நாடாளுமன்றம் முடிவு செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. சமாதான காலத்தில் புதைக்க மாட்டோம் என்கிறார்கள். போர் ஓய்ந்த பிறகு அந்தக் காடுகளில் பழமும் காளானும் பறிக்கப் போகிறவர்கள் அவர்களுடைய பிள்ளைகளே. தங்கள் கேள்வி இதைப் பற்றியதாக இருந்திருந்தால், தங்களோடு சேர்ந்து நானும் கண்டித்திருப்பேன்.