கஞ்சாவை நிறுத்திய பின் தூக்கமும் அசதியும்: கேள்வி பதில்

நான் மனநல மருத்துவர், போதை மீட்புப் பிரிவில் வேலை. கஞ்சாவை நிறுத்தியவர்கள் அதிகம் கேட்பது தூக்கத்தைப் பற்றியும் உடம்பு அசதியைப் பற்றியும்தான். இன்று அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நேரில் பார்க்காமல் மருந்துப் பெயர் எழுதித் தரமாட்டேன். மற்றபடி கேளுங்கள்.

கேள்வி (திருப்பூர், 26 வயது): நான்கு வருடமாகத் தினமும் ராத்திரி அடித்தேன். நிறுத்தி ஆறு நாள் ஆகிறது. இரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை. விடிகாலையில் கொஞ்சம் கண் அசந்தால் பயங்கரமான கனவு, பனியன் நனைகிற அளவுக்கு வியர்வை. பகலில் கம்பெனியில் கண் சொருகுகிறது. நிறுத்தியது தப்போ என்று தோன்றுகிறது டாக்டர்.

பதில்: தப்பே இல்லை தம்பி. தூக்கம் வராதது, கனவு, வியர்வை எல்லாமே விலகல் அறிகுறிகள். கஞ்சாவை நிறுத்தினால் இப்படி வரும் என்பது 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டில் தனி நிலையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பு, கஞ்சாவை விட்டால் ஒன்றும் ஆகாது என்று மருத்துவர்களிலேயே பலர் சொல்லிவந்தார்கள். ஊரில் இன்னமும் அந்தப் பேச்சு ஓடுகிறது. அதை நம்பியவர்கள்தான் உங்களைப் போல ஆறாவது நாளில் பயந்துபோகிறார்கள்.

கஞ்சாவில் இருக்கும் டிஎச்சி என்ற பொருள் மூளையில் உள்ள சிபி1 என்ற ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. தினமும் புகை போனால் மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். தினசரி புகைத்தவர்களின் மூளையைப் பெட் ஸ்கேனில் பார்த்த ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. மூளையின் மேற்புறணியில் ஏற்பிகள் குறைந்திருந்தன. சுமார் நான்கு வாரம் நிறுத்திய பிறகு திரும்பவும் கூடியிருந்தன. உங்களுக்கு இப்போது புகையும் உள்ளே போவதில்லை, ஏற்பிகளும் முழுதாகத் திரும்பவில்லை. தூக்கம், பசி, மனநிலை மூன்றும் இவற்றோடு சம்பந்தப்பட்டவை என்பதால் மூன்றும் சேர்ந்து ஆட்டம் காண்கின்றன.

கனவுக்கும் காரணம் உண்டு. தூக்கத்தில் கண்விழிகள் வேகமாக அசையும் ஒரு கட்டம் இருக்கிறது. தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும். டிஎச்சி அந்தக் கட்டத்தைக் குறைத்து வைக்கும். "அடிக்கிற காலத்தில் கனவே வந்ததில்லை" என்று வார்டில் பலர் சொல்வார்கள். நிறுத்தியதும் அந்தக் கட்டம் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வருகிறது. அதோடு முதல் வாரங்களில் ஆழ்ந்த தூக்கமும் குறைவு. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் அடித்துப்போட்ட மாதிரிதான் எழுந்திருப்பீர்கள். கனவு உங்களுக்கு எந்தக் கெடுதலும் செய்யாது.

நீங்கள் கட்டிங் மெஷினில் நிற்பவராக இருந்தால் இரண்டு வாரத்துக்கு மடிப்பு, பேக்கிங் மாதிரி வேறு வேலை கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டாம், உடம்பு சரியில்லை என்றால் போதும். நைட் ஷிஃப்ட் முடித்து பைக் ஓட்டாதீர்கள்.

கேள்வி (கோவை, 23): எத்தனை நாளில் சரியாகும்?

பதில்: நிறுத்திய ஒன்றிரண்டு நாளில் ஆரம்பிக்கும். முதல் வாரம்தான் மோசம். பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். தூக்கமும் கனவும் மட்டும் கடைசியாகத்தான் ஒழுங்குக்கு வரும், சிலருக்கு ஒன்றரை மாதம்கூட ஆகலாம்.

கேள்வி (சென்னை, 31): கஞ்சா, சிகரெட் இரண்டையும் ஒரே நாளில் விட்டேன். பகலெல்லாம் தூக்கமாக வருவதால் நாலைந்து காபி குடிக்கிறேன். படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி கொட்டக் கொட்ட முழிப்பு. இதுவும் கஞ்சாவை விட்டதாலா?

பதில்: பாதிக் காரணம் உங்கள் டம்ளரில் இருக்கிறது. புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலில் காபியின் கஃபீனைக் கரைக்கும் நொதியைத் தூண்டிவிடுகின்றன. புகை நின்ற சில நாட்களில் அந்த வேகம் குறைந்துவிடும். அதே காபி இப்போது இரத்தத்தில் அதிக அளவிலும் அதிக நேரமும் தங்குகிறது. நீங்கள் மூன்று குடித்தாலும் முன்பு நாலைந்து குடித்த மாதிரிதான். இரண்டாகக் குறையுங்கள், அதையும் மதியம் பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். டீயும் இந்தக் கணக்கில் சேரும்.

நம் ஊரில் பெரும்பாலும் பீடியிலோ சிகரெட்டிலோ கலந்துதான் புகைக்கிறார்கள். அதனால் கஞ்சாவை விடுகிறவர் தனக்குத் தெரியாமலே நிக்கோடினையும் குறைக்கிறார். எரிச்சலும் தூக்கக் கலைவும் இரண்டு பக்கமிருந்தும் வரும். மனநோய்க்கு க்ளோசபின், ஓலன்சபின் மாத்திரை எடுப்பவர்கள் யாராவது படித்தால் கவனியுங்கள்: அந்த மருந்துகளையும் இதே நொதிதான் கரைக்கிறது. புகையை நிறுத்துவதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி (மதுரை, 22): ரூம் மேட் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை வைத்திருக்கிறான். ஒரு வாரத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இன்று எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அல்பிரசோலம், நைட்ரசெபாம் வகை மாத்திரைகளுக்கு உடம்பு சில வாரங்களிலேயே பழகிவிடும். அதன் பிறகு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். கஞ்சாவின் விலகல் ரொம்பத் தொல்லை தரும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. அந்த மாத்திரையின் விலகல் அப்படியில்லை. சீட்டு இல்லாமல் தரும் மெடிக்கல் ஷாப் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

கேள்வி (திருச்சி, 28): மாத்திரை வேண்டாம் சரி. ராத்திரி ஒரு கட்டிங் மட்டும்?

பதில்: அதுவும் வேண்டாம். சாராயம் சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். கஞ்சாவை விட்டுவிட்டுக் குடியோடு வார்டுக்கு வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

கேள்வி (கரூர், 25): எனக்கு ஒன்பது நாள். இன்னும் எவ்வளவு நாள் டாக்டர்?

பதில்: கோவைத் தம்பிக்குச் சொன்னதுதான்.

கேள்வி (சேலம், தந்தை): மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். நிறுத்திப் பன்னிரண்டு நாள் என்கிறான். காலை பதினோரு மணி வரை படுக்கை, எழுப்பினால் எரிந்து விழுகிறான். இது விலகலா, சோம்பேறித்தனமா? எனக்கு என்னவோ நடிக்கிறான் என்றுதான் படுகிறது.

பதில்: நடிப்பாகத் தெரியவில்லை ஐயா. எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று பார்த்தீர்களா? மூன்று மணிக்குக் கண் மூடுகிற பையன் பதினொன்றுக்கு எழுந்தால் எட்டு மணி நேரம்தான் ஆகிறது. அதற்காகப் பதினொன்று வரை விடவும் வேண்டாம். ஏழரைக்கு எழுப்பி, வெயில் படுகிற இடத்தில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். ராத்திரி பத்துக்கே படு என்று விரட்டாதீர்கள். தூக்கம் வரும்போது படுக்கட்டும், எழும் நேரம் மட்டும் தினமும் ஒன்றாக இருக்கட்டும்.

திருநெல்வேலி, 29: சேலம் ஐயாவுக்கு ஒன்று சொல்கிறேன். நான் விட்டு இரண்டு வருடம் ஆகிறது. முதலில் குளிக்கத் தண்ணி பக்கெட்டைத் தூக்கவே தெம்பு இல்லை. எங்க அப்பாவும் நடிக்கிறான் என்றார். அன்றைக்குச் சாயங்காலமே போய்ப் பொட்டலம் வாங்கினேன். பையனைத் தூங்க விடுங்கள்.

சேலம்: தம்பி, அவன் அம்மா வளையலை அடகு வைத்ததே எங்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். நம்பி நம்பித்தான் இப்படி நிற்கிறோம். நேற்று மெடிக்கலில் யூரின் ஸ்ட்ரிப் வாங்கிப் பார்த்தேன். பாசிட்டிவ். பன்னிரண்டு நாள் என்பதே பொய்.

ஈரோடு, தாய்: நானும் தூங்கட்டும் என்று விட்டவள்தான். அந்த அறையிலேயே திரும்பப் பிடித்தான். பெற்றவர்கள் கஷ்டம் உங்களுக்குப் புரியாது தம்பி.

திருநெல்வேலி: புரியுது அம்மா. ஆனால் தூங்கினதால் யாரும் திரும்பப் பிடிக்கிறதில்லை. தூங்க முடியாமல்தான் பிடிக்கிறார்கள்.

பதில்: கொஞ்சம் நிறுத்துங்கள், அந்த ஸ்ட்ரிப் விஷயம் முக்கியம். ஐயா, அதைக் காட்டி மகனிடம் பேசிவிட்டீர்களா? இன்னும் இல்லையென்றால் பேசாதீர்கள். டிஎச்சி கொழுப்பில் சேர்ந்து மெதுவாகத்தான் வெளியேறும். எப்போதாவது புகைத்தவருக்குச் சில நாளில் போய்விடும். தினமும் புகைத்தவருக்கு ஒரு மாதம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் பாசிட்டிவ் வரும். பன்னிரண்டாவது நாள் பாசிட்டிவ் வந்தது அவன் பொய் சொன்னதற்குச் சாட்சி ஆகாது. உண்மையாக நிறுத்தியவனைப் பொய்யன் என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அடுத்த நாள் என்ன நடக்கும் என்பதைத் திருநெல்வேலித் தம்பி சொல்லிவிட்டார்.

அடகு வைத்த வளையல் பற்றிய கோபம் நியாயமானது. அதைப் பேசத்தான் வேண்டும், ஆனால் இந்த மூன்று வாரத்துக்குள் வேண்டாம். இப்போது நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறானா? முதல் வாரத்தில் பசி செத்துவிடும், வெறும் வயிற்றோடு கிடப்பதாலும் அசதி கூடும். மோர் சாதம், வாழைப்பழம், முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். போன வாரத்தைவிட இந்த வாரம் அரை மணி நேரமாவது முன்னால் தூங்குகிறானா? பழைய கூட்டாளிகள் வாசலில் வந்து நிற்கிறார்களா? ஈரோடு அம்மா, உங்கள் மகனுக்கும் இதே கேள்விகள்தான். அறைக்குள் தனியாக விடாமல் ஹாலில் படுக்க வைத்துப் பாருங்கள்.

சேலம்: இன்னும் பேசவில்லை டாக்டர். ஸ்ட்ரிப் அலமாரியில் இருக்கிறது.

பதில்: தூக்கிப் போட்டுவிடுங்கள் ஐயா.

கேள்வி (நாகர்கோவில், 27): வளைகுடாவில் வேலைக்கு மெடிக்கல் இருக்கிறது. சீக்கிரம் வெளியேற்ற ஏதாவது குடிக்கலாமா?

பதில்: சோதனையை ஏமாற்ற வழி சொல்லமாட்டேன். தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று ஏஜென்டிடம் கேளுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், 33): தூக்கத்துக்கு லேகியம் சாப்பிடலாமா?

பதில்: பதிவு பெற்ற சித்த மருத்துவரை நேரில் பாருங்கள். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத டப்பாவை வாங்காதீர்கள்.

கேள்வி (வேலூர், 38): நிறுத்தி நான்கு மாதம். தூக்கம் பரவாயில்லை, அசதி மட்டும் போகவில்லை.

பதில்: நான்கு மாதம் கழித்தும் அசதி இருந்தால் கஞ்சாவின் மேல் பழி போட்டுக்கொண்டு உட்காரக்கூடாது. ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, பி12 பாருங்கள். குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். எதிலும் மனம் ஒட்டவில்லை, பிடித்ததுகூடப் பிடிக்கவில்லை என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். கஞ்சா பழகுவதற்கு முன்பே அது இருந்து, அதற்காகவே புகைக்கத் தொடங்கியவர்கள் நிறைய உண்டு. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

கேள்வி (கடலூர், 24): ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்தால் போலீஸ் கேஸ் ஆகுமா?

பதில்: சிகிச்சைக்கு வருகிறவர் விவரம் ரகசியம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. ஏற்கெனவே வழக்கில் மாட்டியவருக்கும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது: பயன்படுத்தியது அல்லது சிறு அளவு வைத்திருந்தது தொடர்பான குற்றம் என்றால், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அது போய்விடலாம். மேற்கொண்டு வக்கீலிடம் கேளுங்கள்.

கேள்வி (பெயர், ஊர் வேண்டாம்): தம்பி நிறுத்தி ஐந்து நாள். தூங்கவே இல்லை. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்கிறான். இதுவும் விலகலா?

பதில்: இல்லை. காத்திருக்காமல் இப்போதே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். வழியில் யோசனை கேட்க 14416க்கு அழையுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசுவார்கள். தனியாக விடாதீர்கள். சாகலாம் போலிருக்கிறது என்று யாராவது சொன்னாலும் இதேதான்.

கேள்வி (திண்டுக்கல், 21): எத்தனை நாளில் நார்மல் ஆவேன்?

பதில்: தம்பி, மேலே இருக்கிறது, படியுங்கள்.

கேள்வி (புதுச்சேரி, 30): மதியம் தூங்கலாமா?

பதில்: இருபது நிமிடம், மூன்று மணிக்கு முன்னால், அலாரம் வைத்துவிட்டு.