ஆண்டவர் பாடுபடும் வாரத்தில் சிரிக்கலாமா?

வாசகி கேள்வி:

நான் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். வயது 34. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். 10 வயதில் ஒரு பெண், 6 வயதில் ஒரு பையன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க டீயையும் சீரியலையும் விட்டுவிடுவேன். போன வருஷம், அதன் கடைசி வாரமான புனித வாரத்துத் திங்கட்கிழமை கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பிள்ளைகள் கேட்டார்கள் என்று தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து நானும் சாப்பிட்டேன். சின்னவன் வாயெல்லாம் பீட்ரூட் சிவப்பு. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். வாசலிலேயே அத்தை, "ஆண்டவர் பாடுபடுற வாரத்துல நாக்குக்கு ருசி கேக்குதா?" என்றார். அத்தை நல்லவர். மாமா இறந்து நான்கு வருஷம் ஆகிறது, அதுவும் ஒரு புனித வாரத்துப் புதன்கிழமைதான். மாமா இருந்தவரை குருத்தோலையில் எல்லோருக்கும் சிலுவை முடைந்து கொடுப்பார். இப்போது வீட்டில் யாரும் முடைவதில்லை. இந்த வருஷம் வேப்பம்பூ வாசம் வந்தாலே எனக்கு மனசு உறுத்துகிறது. புனித வாரத்தில் சின்னச் சின்ன சந்தோஷங்கள் தப்பா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

தப்பே இல்லை. ஒரு வருஷமாக இந்த உறுத்தலைச் சுமந்திருக்கிறீர்கள், அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

திருச்சபை கட்டாய நோன்பு என்று வைத்திருப்பது சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான். அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்கு, 60ஆவது வயது தொடங்கும்வரை. இறைச்சி தவிர்க்கும் ஒழுங்கு 14 வயதிலிருந்து. உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. நீங்கள் விடுவதாகச் சொன்னது டீயும் சீரியலும். அவற்றைத் தொடவில்லை. ஆக, அந்தத் தட்டுவடை எதையும் மீறவில்லை.

ஆனால் நீங்கள் கேட்பது ஒழுங்கைப் பற்றி இல்லை என்று எனக்குப் புரிகிறது. ஆண்டவர் வேதனைப்படும் நேரத்தில் எனக்கு எப்படி ஒரு வாசம் பிடிக்கிறது, ஒரு ருசி பிடிக்கிறது என்பதுதானே உங்கள் கவலை?

அன்று கோயிலில் என்ன நற்செய்தி வாசித்தார்கள் என்று நினைவிருக்கிறதா? புனித வாரத் திங்களன்று வருஷா வருஷம் ஒரே பகுதிதான். யோவான் 12. பாஸ்காவுக்கு ஆறு நாள் முன்பு பெத்தானியாவில் ஒரு விருந்து. மார்த்தா பரிமாறுகிறார். பந்தியில் இலாசர் உட்கார்ந்திருக்கிறார், செத்துக் கல்லறைக்குப் போய்த் திரும்பி வந்தவர். மரியா விலை உயர்ந்த இலாமிச்சைத் தைலத்தைக் கொண்டுவந்து இயேசுவின் காலில் பூசித் தன் கூந்தலால் துடைக்கிறார். வீடு முழுக்க அந்த வாசம் நிறைந்தது என்று யோவான் எழுதுகிறார். எத்தனையோ பெரிய விஷயங்கள் நடக்கப்போகிற வாரத்தில், ஒரு வீட்டில் என்ன வாசம் வந்தது என்பதை அவர் விடாமல் குறித்து வைத்திருக்கிறார். அந்தத் தைலத்தைத் தம் அடக்க நாளோடு சேர்த்துத்தான் இயேசுவும் பேசுகிறார். சாகப்போவது தெரிந்தே சாப்பிட உட்கார்ந்தார். தெரிந்தே காலை நீட்டினார். மரியாவைத் தடுத்துப் பேசியவரிடம் அவளை விட்டுவிடு என்றார்.

அந்த வீட்டில் சாவும் சோறும் வாசனையும் ஒரே கூடத்தில் இருந்தன. நீங்கள் திங்கட்கிழமை கேட்டுவிட்டு வந்த கதையே அதுதான்.

நான் வளர்ந்தது ஏற்காட்டில். அப்பா ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட காபி, எங்கள் காலத்தில் மலை முழுக்க சில்வர் ஓக் நிழலில் பரவியிருந்தது. கோடையின் முதல் நல்ல மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் செடிகள் மொத்தமாகப் பூக்கும். கிளை நெடுக வெள்ளை, கிட்டத்தட்ட மல்லிகை வாசம். மூன்று நான்கு நாள்தான். அப்புறம் பழுப்பேறிக் கொட்டிவிடும். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அந்தப் பூப்பு புனித வாரத்தில் வந்தது. எஸ்டேட் பாதையில்தான் சிலுவைப் பாதை போவோம். ஒவ்வொரு நிலையிலும் முட்டி போட்டு எழும்போது முகத்துக்கு நேரே பூ, காதில் தேனீ இரைச்சல். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே பயம். ஆண்டவர் விழுந்து எழுந்து நடக்கிறார், எனக்கு ஏன் இப்படி இருக்கிறது? அம்மாவின் சேலையை இழுத்து, "வாசம் நல்லாருக்கும்மா, பாவமா?" என்று காதோடு கேட்டேன். அம்மா, "நல்லா மோந்துக்கோ. ஞாயித்துக்கிழமைக்கு இது இருக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த நிலைக்கு நடந்தார். நான்காம் நிலையில், மகனைத் தாய் சந்திக்கும் இடத்தில், வழக்கம்போல அழுதார்.

அதே அம்மாதான் பெரிய வெள்ளியன்று எங்களைத் தலைசீவ விடமாட்டார். ரேடியோவைத் துணி போட்டு மூடிவிடுவார். இரண்டும் அவருக்கு ஒன்றுக்கொன்று முரணாக இருந்ததே இல்லை. எனக்கு இன்றுவரை அந்த அம்மாவைத்தான் பிடிக்கிறது.

உங்களுக்கும் அப்படித்தான் சொல்வேன். தவக்காலம் நாற்பது நாள் நாக்கையும் கண்ணையும் கொஞ்சம் காயப்போடுகிறது. அதனால்தான் கடைசி வாரத்தில் சின்ன விஷயம்கூட இவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது. டீயை விட்டவருக்குத்தான் பானைத் தண்ணீரின் ருசி தெரியும். வேப்பம்பூ வாசம் உங்களைத் தேடி வருகிறது என்றால் உங்கள் தவம் சரியாகத்தான் நடந்திருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் இலாமிச்சை வேர் கேளுங்கள், கொடுப்பார்கள். ஒரு சின்னக் கட்டைக் கழுவி மண்பானைத் தண்ணீரில் போடுங்கள். திங்கட்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் பிள்ளைகளுக்கு அதில் ஒரு டம்ளர் மொண்டு கொடுத்துவிட்டு, பெத்தானியா கதையைச் சொல்லுங்கள்.

அந்த வாரத்தில் நம் மறைமாவட்டத்தின் குருக்கள் எல்லோரும் ஆயரோடு கூடி எண்ணெய்களை அர்ச்சிக்கும் திருப்பலி ஒன்று உண்டு. சேலம் மறைமாவட்டம் 1930இல் உருவானது. அதன் தாய்க்கோயில் அரிசிப்பாளையம் குழந்தை இயேசு பேராலயம். எந்த நாள், எத்தனை மணி என்று பங்கில் கேட்டுக்கொண்டு, முடிந்தால் ஒரு முறை போய் வாருங்கள். ஒலிவ எண்ணெயில் பரிமளத் தைலம் கலந்து ஆயர் மந்திரிப்பார். உங்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தில் உச்சந்தலையில் பூசியது அந்தத் தைலம்தான். பிள்ளை பிறந்த வருஷத்து வாசம் உங்களுக்கு ஞாபகம் வரும்.

மத்தியானத்தில் கம்மங்கூழ் குடியுங்கள். பட்டறைக்குப் போகும் வழியில் இந்த மாதம் கூழ் வண்டி இல்லாத தெரு இருக்காது. மோர் விட்டுக் கரைத்த கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், மாங்காய்க் கீற்று. எளிய சாப்பாடு, தவக்காலத்துக்கு ஏற்றது. அது ருசியாகவும் இருப்பதற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

வியாழன் இரவு எனக்கு மிகவும் பிடித்தது. 'உன்னதங்களிலே' பாடும்போது அடிக்கும் மணிதான் கடைசி மணி. சனி இரவு மறுபடி அதே பாட்டு வரும்வரை மணியே கிடையாது, மரக்கட்டையைத் தட்டும் சத்தம் மட்டும்தான். பாதம் கழுவும் சடங்கு முடிந்து, பீடத்துத் துணிகளை எல்லாம் எடுத்த பிறகு, ஆராதனையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு நடந்து வாருங்கள். மேலே பாருங்கள். மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முழு நிலவை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர் என்பதால், புனித வாரத்தில் எப்போதும் பெரிய நிலாதான். அதே பௌர்ணமியை ஒட்டித்தான் பல வருஷங்களில் பங்குனி உத்திரமும் வரும். தெருவில் காவடி போகும், பந்தலில் நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். நீட்டினால் வாங்கிக் குடியுங்கள். காலைக் கழுவியவரின் கதையைக் கேட்டுவிட்டு வருபவர், வழியில் ஒருவர் அன்பாகக் கொடுக்கும் மோரை மறுக்கலாமா?

பெரிய வெள்ளிக்கு மட்டும் நான் எந்தச் சந்தோஷமும் சொல்லித்தரப் போவதில்லை. அன்றைக்கு வீடு வெறுமையாக இருக்கட்டும். டிவி வேண்டாம், போனைப் பீரோவுக்குள் வைத்துவிடுங்கள். பிள்ளைகளைச் சும்மா இரு என்று அதட்டாமல், அவர்களாகவே அந்த அமைதியைப் பார்க்க விடுங்கள். வழிபாடு முடிந்து கோயில் வளாகத்தில் கஞ்சி ஊற்றினால், துவையலோடு அதை நின்றபடியே குடியுங்கள். பசியோடு குடிக்கும் அந்தக் கஞ்சிக்கு இணையான ருசி எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை.

இனி அத்தையைப் பற்றி. உங்கள் கடிதத்தில் இரண்டே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போன விஷயத்தில்தான் எனக்கு மனசு நின்றுவிட்டது. மாமா போனது புனித வாரத்துப் புதன்கிழமை. அதற்கு மூன்று நாள் முந்தின குருத்து ஞாயிறுக்கும் அவர்தான் சிலுவை முடைந்திருப்பார். ஊருக்கெல்லாம் ஈஸ்டர் நெருங்கும்போது அத்தைக்கு அந்தப் புதன்கிழமை நெருங்குகிறது. அடுத்த நாட்களில் எப்போது, எப்படி அடக்கம் செய்தார்கள், ஈஸ்டர் அன்று அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரியும். போன வருஷம் நீங்கள் மூவரும் சிரித்துக்கொண்டு வந்து நின்றது, அந்தப் புதன்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு. அவர் வாயில் ஆண்டவர் பெயர் வந்தது. உள்ளே இருந்தது இன்னொரு பெயராகவும் இருக்கலாம்.

யோவான் 12இல் மரியாவைக் கடிந்துகொண்டவர் யூதாஸ் என்று உங்களுக்குத் தெரியும், அந்தத் தைலத்தின் விலையைக் கணக்குப் பார்த்தவர். தயவுசெய்து அத்தையிடம் அந்தப் பகுதியை எடுத்துக்காட்டி வாதாடாதீர்கள். அத்தை விலை கணக்குப் பார்த்துப் பேசியவர் இல்லை, வலித்துப் பேசியவர்.

இந்த வருஷம் குருத்து ஞாயிறன்று கோயிலில் கொடுக்கும் ஓலையைச் சுருட்டி மூலையில் வைத்துவிடாமல், ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். சாயங்காலம் பெண்ணை அத்தையிடம் அனுப்புங்கள். "பாட்டி, தாத்தா எப்படி முடைவாரு?" என்று அவள் கேட்கட்டும், நீங்கள் கேட்க வேண்டாம். முதலில் தெரியாது என்பார். விட்டுவிடுங்கள், ஓலை அங்கேயே கிடக்கட்டும். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த விரல்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவர் முடைந்தால் அந்தச் சிலுவையை மாமா படத்துக்குப் பின்னால் செருகிவையுங்கள். அது காய்ந்து, அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்கு முன் கோயிலுக்குப் போய், எரிந்து சாம்பலாகி, உங்கள் எல்லோர் நெற்றிக்கும் திரும்பி வரும். முடையாவிட்டாலும் பரவாயில்லை. அழுதாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருங்கள்.

புதன்கிழமை வேலை முடிந்து வரும்போது நான்கு நுங்கு வாங்கி வாருங்கள், இளசாகப் பார்த்து. தோலை உரித்து, கிண்ணத்தில் போட்டு அத்தைக்குக் கொடுங்கள். எதற்கு என்று சொல்ல வேண்டாம். "மாமாவுக்கு நுங்கு பிடிக்குமா அத்தை?" என்று மட்டும் கேளுங்கள். நான்கு வருஷமாக அவரிடம் யாரும் மாமாவைப் பற்றிக் கேட்கவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. பேச விரும்பாதவர் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். கேட்க ஆள் இல்லாதவராகவும் இருக்கலாம்.

சனி இரவுத் திருவிழிப்புக்கு அவரையும் கூட்டிப்போங்கள், முட்டி வலி இருந்தால் முன்கூட்டியே போய் ஓரத்து நாற்காலியைப் பிடித்துவிடுங்கள். விளக்குகளை அணைத்து, வெளியே புது நெருப்பு மூட்டி, பாஸ்கா மெழுகுதிரியில் அகரத்தையும் னகரத்தையும் அந்த வருஷத்தின் எண்களையும் கீறி, குருவானவர் இருட்டுக்குள் ஏந்தி வருவார். அதிலிருந்து ஒருவர் திரியிலிருந்து அடுத்தவர் திரிக்கு என்று கோயில் முழுக்க வெளிச்சம் பரவும். அப்போது அத்தையின் திரியை நீங்கள் பற்றவைத்துக் கொடுங்கள். மெழுகு கையில் சொட்டினால் சுடும். வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, ஐந்து பேருக்கும் எடுத்துப் போய்விடுங்கள்.