டைரக்டர் கோல்ஃப் ஆடக் கூப்பிடுகிறார், போகலாமா? நுவரெலியாவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து நுவரெலியாவுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். தேயிலையும் ஹோட்டலும் சேர்த்து நடத்தும் கம்பெனியில் உதவிப் பொது மேலாளர் வேலை. கோல்ஃப் பழகிக்கொண்டால் நிர்வாகம் தானாக வரும் என்று சொல்லி, டைரக்டர் ஞாயிற்றுக்கிழமை காலை உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். இது உண்மையிலேயே தலைமைப் பண்பை வளர்க்குமா, இல்லை பெரிய மனிதர்களுக்கு முகம் காட்டும் வழிதானா, இருக்கும் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். ஆனால் டைரக்டர் சொன்ன காரணத்துக்காகப் போக வேண்டாம்.

நான் குன்னூர்க்காரன். 2006-இல் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மேலாளராக இங்கே வந்தேன். தொழிற்சாலையைத் தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்பார்கள், உங்களுக்கும் சீக்கிரம் பழகிவிடும். வந்த புதிதில் எனக்கும் இதே அழைப்பு வந்தது. இங்குள்ள கோல்ஃப் மைதானம் 1889-இல் தொடங்கியது. காப்பிச் செடி நோயில் அழிந்து மலையெல்லாம் தேயிலையாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்காகப் போட்ட புல்வெளியில் நமக்கென்ன வேலை என்று முதலில் தயங்கினேன். பிறகு போனேன். இத்தனை வருஷத்தில் வேலையைப் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றில் முக்கியமான ஒன்று அங்கேதான் கிடைத்தது.

தொடர்புகள் கிடைக்குமா என்றால், கிடைக்கும். நாலு பேர் சேர்ந்து பதினெட்டுக் குழியும் ஆடி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரம் ஒருவரோடு நடந்தால் அவருடைய கோபம், பொறுமை, பேச்சு எல்லாம் தெரிந்துவிடும். அவருக்கும் உங்களைப் பற்றித் தெரிந்துவிடும். மைதானத்தில் யாரும் வியாபாரம் பேசி முடிப்பதில்லை. இந்த ஆளோடு நம்பி வியாபாரம் செய்யலாமா என்பதை மட்டும் மனதுக்குள் முடிவு செய்துகொள்கிறார்கள். அவ்வளவுதான். அதற்காக மட்டும் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமையைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடலாம்.

எனக்குக் கிடைத்தது வேறு. சாதாரணமாக ஆடும்போது இந்த விளையாட்டில் நடுவர் கிடையாது. குறைவான அடிகளில் முடிப்பவர்தான் வெல்வார், ஆனால் பந்தை எத்தனை தடவை அடித்தோம் என்பதை நாமே எண்ண வேண்டும். தப்பு செய்தால் தண்டனை அடியை நாமே சேர்த்துச் சொல்ல வேண்டும். போட்டியாக இருந்தால் கடைசியில் அட்டையில் கையெழுத்தும் போட வேண்டும். 1925-இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் அடிக்கத் தயாரானபோது புல்லுக்குள் இருந்த பந்து லேசாக அசைந்துவிட்டது. அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. அசைந்தது என்று அவரே சொல்லி ஓர் அடியைத் தன் கணக்கில் ஏற்றிக்கொண்டார். அந்த ஓர் அடி கூடாமல் இருந்திருந்தால் கோப்பை அவருக்குத்தான். சமநிலையாகி, மறுபடி ஆடித் தோற்றார். கோல்ஃப் ஆடுகிறவர்கள் இந்தக் கதையை அடிக்கடி சொல்வார்கள். நானும் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். கேட்டதோடு சரி.

வந்து இரண்டாவது வருஷம், ஜூன் மாதம். என் பந்து ஒரு சைப்ரஸ் மரத்து வேருக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. பனிமூட்டம், மற்ற மூன்று பேரும் அந்தப் பக்கம் நின்றார்கள். காலால் லேசாகத் தள்ளி, பந்தை அடிக்க வசதியான இடத்துக்குக் கொண்டுவந்தேன். குழியில் போட்ட பிறகு "ஐந்து" என்று சொன்னேன். ஆறு ஆகியிருந்தது. காலால் தள்ளி அங்கிருந்தே அடித்ததற்கான இரண்டு அடி தண்டனையோடு எட்டு. என் மட்டைப் பையைத் தூக்கி வந்த பையன் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவன், இருபது வயது இருக்கும். ஒரு நொடி என்னைப் பார்த்தான். அப்புறம் குனிந்து பையின் வாரைச் சரிசெய்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே வாரம் ஸ்டோரில் ஒரு விஷயம் நடந்தது. தென்மேற்கு மழைக்காலத்தில் கொழுந்து ஈரத்தோடு வரும், வாடுவதற்கு வழக்கத்தைவிட நேரம் எடுக்கும். நான் கணக்கில் குறியாக இருந்தேன். அதிகாலை ஐந்து மணிக்கு இலையை ரோலரில் போட்டு உருட்ட ஆரம்பித்துவிட வேண்டும் என்று முந்தின இரவே சொல்லிவிட்டுப் போய்விட்டேன். சொன்னபடியே உருட்டினார்கள். சரியாக வாடாத இலை ரோலரில் நசுங்கிச் சாறெல்லாம் வெளியே போய், தேநீர் சப்பென்று வந்தது. கொழும்பு ஏலத்தில் அந்தச் சரக்குக்கு விலையே இல்லை. இலையைப் பரப்பி வாடவிடும் வாட்டு மாடியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு முப்பது வருஷ அனுபவம். இலையைக் கையில் பிடித்துப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்திருக்கும். ஏன் என்னை எழுப்பிச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க சொன்னீங்க தொர, அதான்" என்றார். சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

அந்தப் பையன் குனிந்ததும் இதே மாதிரிதான். ஒரு வாரத்துக்குள் இரண்டு தடவை, விவரம் தெரிந்த ஒருவர் என் முன்னால் வாயை மூடிக்கொண்டார். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தோட்டப்புறத்தில் மேலாளராக வருகிறவருக்கு இருக்கும் பெரிய ஆபத்து இதுதான் தம்பி. இங்கே 'துரை' என்ற சொல்லுக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷப் பழக்கம் இருக்கிறது. நீங்கள் தப்பாகச் சொன்னாலும் "சரிங்க" என்றுதான் பதில் வரும். நீங்கள் நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் அதில் கணக்கில்லை. அந்தப் பந்து மட்டும் உங்களைத் துரையாகப் பார்க்காது. தப்பாக அடித்தால் தப்பான இடத்துக்குத்தான் போகும். ஆறு நாளும் "சரிங்க" கேட்டுப் பழகுகிற ஒருவருக்கு, வாரத்தில் சில மணி நேரம் அப்படிப்பட்ட இடம் தேவை.

அடுத்த ஞாயிறு அந்தப் பையனிடம், "போன வாரம் அந்தக் குழியில் எனக்கு எட்டு. நீ பார்த்தாய். இனிமேல் நான் தப்பாக எண்ணினால் அங்கேயே சொல்லிவிடு" என்றேன். கூட ஆடியவர்களிடமும் சொன்னேன். அவன் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தான். அவன் வாய் திறக்க மூன்று வாரம் ஆயிற்று. ஒருநாள் எல்லோர் முன்னாலும் "ஐயா, ஆறு" என்றான். அந்தத் தடவை உண்மையிலேயே நான் மறந்து ஐந்து என்றிருந்தேன். "சரி, ஆறு" என்று எழுதினேன். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்டோரிலும் பழக்கத்தை மாற்றினேன். காலைக் கூட்டத்தில் வயதில் சின்னவர் முதலில் பேச வேண்டும், தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் அப்புறம், நான் கடைசி. முதல் ஒரு மாதம் யாரும் எதுவும் பேசவில்லை. சங்கடமாகத்தான் இருந்தது. ஏறத்தாழ நாலு மாதம் கழித்து ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடித்தது. வாட்டு மாடிப் பெரியவர். "தொர, எல ஈரமா இருக்கு. இன்னும் ரெண்டு மணி நேரம் விடணும்." அந்த ஒரு போனுக்காக நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

இன்னொன்று, முடிவெடுப்பது. நுவரெலியா மைதானம் நீளத்தில் சின்னது, ஆனால் குறுகல். இரண்டு பக்கமும் உயரமான மரங்கள், நடுநடுவே ஓடை. ஆறாயிரம் அடிக்கு மேல் காற்று மெலிதாக இருப்பதால் பந்து கொஞ்சம் கூடுதலாகவே பறக்கும். பலசாலிகள் வந்து ஓங்கி அடித்துப் பந்தைத் தொலைப்பதைப் பார்ப்பீர்கள். பந்து மரங்களுக்குள் போய்விட்டால், இரண்டு மரத்துக்கு நடுவே தெரியும் சின்ன இடைவெளியில் அடித்துப் பார்க்கத்தான் கை துடிக்கும். பக்கவாட்டில் மெதுவாகத் தட்டிப் புல்வெளிக்குக் கொண்டுவந்து, ஓர் அடி நட்டம் என்று ஒத்துக்கொண்டு மேலே போகிறவர்தான் கடைசியில் குறைந்த கணக்கோடு வருவார். எனக்கு இது உடம்பில் ஏற இரண்டு வருஷம் ஆயிற்று. தேயிலையை உலர்த்தும் பழைய டிரையர் ஒன்றுக்கு மூன்றாவது தடவையாகப் பழுதுபார்க்கப் பணம் கேட்டு ஃபைல் வந்தபோது எனக்கு அந்த மரத்தடிப் பந்துதான் ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. அதை விற்றுவிட்டுப் புதிது வாங்கினோம். தொலைந்த பந்தைத் தேடக்கூட மூன்று நிமிடம்தான் விதி. 2019-க்கு முன்னால் ஐந்து நிமிடம் இருந்தது.

கோல்ஃப் கற்றுத்தராததையும் சொல்லிவிட வேண்டும். இது தனியாள் ஆட்டம். சம்பளப் பேச்சில் தொழிற்சங்கத் தலைவரோடு எப்படி உட்கார்வது, மழையில் நனைந்து வந்து கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்கும் அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் எந்தப் புல்வெளியும் சொல்லித்தராது. அதற்குக் காலையில் தோட்டத்து ஆட்கள் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்துக்குப் போய் நில்லுங்கள். பேர் பதிகிற நேரத்தில் அரை மணி நேரம் சும்மா நின்றாலே நிறையத் தெரியும். "எந்த ஊர் நீங்க?" என்று கேட்பார்கள். திருச்சி, சேலம், மதுரைப் பக்கம் என்று தங்கள் பாட்டன் பூட்டன் ஊரையும் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு அவர்களை 'நம்ம ஊர் ஆட்கள்' என்று சொல்லிவிடாதீர்கள். முன்னோர் இந்த மலைக்கு வந்து இருநூறு வருஷம் ஆனதை 2023-இல் நினைவுகூர்ந்தவர்கள் அவர்கள். இது அவர்களுடைய ஊர். வந்தவர்கள் நாம்தான்.

கோல்ஃபிலும் அப்படித்தான். உங்கள் பையைத் தூக்கி வருபவருக்கு அந்த மண்ணின் சரிவு காலாலேயே தெரியும். குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற மழித்த புல்தரையில் பந்து இடது பக்கம் ஓடும் என்று அவர் சொல்லி, உங்கள் கண்ணுக்கு வலது பக்கம் சரிவு இருப்பதுபோல் தெரிந்தால், அவர் பேச்சைக் கேளுங்கள். ஆடத் தெரியாதவர் என்றும் நினைத்துவிடாதீர்கள். பை தூக்குகிற பையன்களில் உங்களையும் என்னையும்விட அழகாக அடிப்பவர்கள் உண்டு. இந்தியத் தொழில்முறைப் போட்டிகளில் பட்டங்கள் வென்ற தங்கராஜா இலங்கைக்காரர். அவர் பெயரை எங்கள் பையன்களிடம் சொல்லிப் பாருங்கள்.

சரி, ஆக வேண்டியதைப் பார்ப்போம். இப்போதே மட்டை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். முதல் மூன்று மாதம் பயிற்சியாளர் ஒருவரிடம் அடிக்கப் பழகுங்கள். ஒன்பது குழிதான் ஆடுவேன் என்று டைரக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள். காலை சீக்கிரம் தொடங்கினால் பிள்ளைகள் சாப்பிட்டு முடிப்பதற்குள் வந்துவிடலாம். விக்டோரியா பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது, குடும்பத்தை அங்கே விட்டுவிட்டும் போகலாம். பெரும்பாலும் மதியத்துக்கு மேல் மூட்டம் இறங்கிவிடும், அதனால் காலைதான் நல்லது. மழைக்கோட்டும் மாற்றுக் கையுறையும் பையில் இருக்கட்டும். பையனுக்குக் கொடுக்கும் பணத்தை நீங்கள் நன்றாக ஆடிய நாளில் கூட்டி, மோசமாக ஆடிய நாளில் குறைக்காதீர்கள். ஹேண்டிகேப் என்று ஒரு கணக்கு இருக்கிறது, ஆட்டத் திறமை குறைந்தவருக்கு அடிகளில் கூடுதலாகக் கழித்துக்கொள்ளும் எண் அது. அதை வைத்துத்தான் புதியவரும் தேர்ந்தவரும் சமமாக ஆட முடிகிறது. உங்களுடையது பெரிய எண்ணாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு காலம் வரும், உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் உங்களோடு ஆட வருவார்கள். உங்கள் பந்து குழிக்கு மூன்றடி தள்ளி நிற்கும்போது, "போதும் சார், விழுந்த மாதிரிதான்" என்பார்கள். அந்தச் சலுகையை வாங்காதீர்கள். மூன்றடியில் தவறவிடும் மேலாளரை அவர்கள் பார்க்கட்டும்.

முதல் ஞாயிறு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். உங்கள் பை தூக்கி வந்தவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்கோர் அட்டையை டைரக்டரிடம் நீட்டுவதற்கு முன்னால், ஒரு தடவை அவரிடம் காட்டி, சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.