கேள்வி நேரம்: ஒற்றையாட்சிக் கட்சியினர்

கேள்வி: அதிகாரத்தை மைய அரசிடம் குவிக்க விரும்புவோர் எல்லோருமே சர்வாதிகாரிகள்தானா?

பதில்: அப்படி ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. அர்ஜென்டினாவின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே 'யூனிட்டாரியோஸ்' என்றழைக்கப்பட்ட ஒற்றையாட்சிக் கட்சியினர் பெரும்பாலும் கற்றவர்கள். தாராளவாதச் சிந்தனையில் ஊறியவர்கள். அவர்களுள் ஒருவரான ரிவதாவியா 1826இல் அதிபரானார். அதே ஆண்டில் உருவான அரசமைப்பு, மாகாண ஆளுநர்களை அதிபரே செனட்டின் ஒப்புதலுடன் நியமிக்கலாம் என்றது. மாகாணங்கள் அதை ஏற்க மறுத்தன. பிரேசில் போரின் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 1827இல் அவர் பதவி விலகினார்.

கொள்கைச் சண்டையாகத் தெரிந்தாலும், அடியில் கிடந்தது பணம். வெளிநாட்டு வணிகத்தின் பெரும்பகுதி புவெனஸ் அயர்ஸ் துறைமுகத்தின் வழியே நடந்ததால், அங்கு வசூலான சுங்க வரி வருவாய் யாருக்கு என்ற கேள்வியே கட்சிகளைப் பிரித்தது. கட்சிகளுக்கு உள்ளேயும் பிளவை உண்டாக்கியது.

கேள்வி: அப்படியானால் கூட்டாட்சி பேசியவர்கள் நல்லவர்களா?

பதில்: கூட்டாட்சிக் கட்சியின் பெயரால் புவெனஸ் அயர்ஸை ஆண்ட ரோசாஸ், அந்தச் சுங்க வருவாயை மற்ற மாகாணங்களுடன் பகிரவில்லை. தம்மிடம் விசுவாசம் காட்ட மக்கள் நெஞ்சில் சிவப்பு நாடா அணிய வேண்டும் என்றார்; அரசு ஆவணங்களின் தலைப்பிலேயே ஒற்றையாட்சிக்காரர்களுக்குச் சாவு என்ற முழக்கம் இடம்பெற்றது. மாகாண உரிமை பேசியவரின் ஆட்சிதான் இது!