சாமுவேல் கிரிஃபித் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

கேள்வி: ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தை எழுதியவர் இவர்தானா?

பதில்: ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பகுதிக்கு முதல்வராக இருந்த கிரிஃபித் அதைத் தனி ஆளாக எழுதவில்லை. ஆஸ்திரேலியக் குடியேற்றங்களை ஒரே நாடாக இணைப்பது பற்றிப் பேசிய 1891 சிட்னி மாநாட்டுக்கு டாஸ்மேனியாவின் இங்கிலிஸ் கிளார்க் ஏற்கெனவே ஒரு வரைவோடு வந்திருந்தார். ஈஸ்டர் விடுமுறையில் லூசிண்டா என்ற நீராவிக் கப்பலில் ஹாக்ஸ்பரி ஆற்றுப் பக்கம் போய் கிரிஃபித்தும் மாநாட்டுக்கு வந்திருந்த பார்ட்டன், கிங்ஸ்டன் எல்லோரும் அதைத் திருத்தினார்கள். பாவம், கிளார்க் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆனால் வாசகத்தைச் செதுக்கிச் சீராக்கிய கை கிரிஃபித்துடையது. 1901-இல் அமலுக்கு வந்த சட்டத்தில் அதன் அமைப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

கேள்வி: கரும்புத் தோட்ட வேலைக்குப் பசிபிக் தீவு மக்களைக் கொண்டுவருவதை எதிர்த்தவர், பிறகு ஏன் பல்டி அடித்தார்?

பதில்: எனக்கு இவரிடம் ஆறாத விஷயம் இதுதான். 1884-இல் ஹோப்ஃபுல் என்ற கப்பல் நியூகினியை ஒட்டிய தீவுகளில் ஆட்களைக் கடத்தியது, கொலையும் நடந்தது. அப்போது குவீன்ஸ்லாந்து முதல்வராக இருந்த கிரிஃபித் விசாரணைக் குழு போட்டார், ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பினார், 1890-க்குப் பிறகு ஆள் எடுக்கக் கூடாது என்று 1885-இல் சட்டமும் கொண்டுவந்தார். அப்புறம் தன் பழைய எதிரி மெக்இல்ரெய்த்தோடு கூட்டணி சேர்ந்து மறுபடி முதல்வரானார், சர்க்கரைத் தொழில் தள்ளாடியது, 1892-இல் அதே ஆள் அந்தத் தடையை நீக்கினார். தோட்டங்கள் நொடித்துப்போகும் என்ற பயம் உண்மைதான், ஆனால் என்ன நடக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட ஒருவர் இதைச் செய்திருக்கவே கூடாது.

கேள்வி: தொழிலாளர் பக்கம் பேசியவர் என்று படித்தேனே?

பதில்: பேசினார், எழுதவும் செய்தார். ஆனால் 1891-இல் ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது குவீன்ஸ்லாந்தின் பார்கால்டின் ஊருக்குப் படையை அனுப்பியது அவருடைய அரசுதான். தலைவர்களுக்கு மூன்று வருடம் சிறை.

கேள்வி: நீதிபதியாக எப்படி, ஐயா?

பதில்: 1893-இல் குவீன்ஸ்லாந்து தலைமை நீதிபதி, 1903 முதல் 1919 வரை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி. மாநிலங்களின் அதிகாரத்தைக் காக்க அவர் வகுத்த கோட்பாட்டை, அவர் இறந்த அதே 1920 ஆகஸ்டில் அந்த நீதிமன்றமே தூக்கிப்போட்டது. நிலைத்தது 1899-இல் சட்டமான அவருடைய குற்றவியல் சட்டத் தொகுப்புதான். குவீன்ஸ்லாந்தில் திருத்தங்களோடு இன்றும் அதுதான் சட்டம், பாப்புவா நியூகினியும் நைஜீரியாவின் தென்பகுதியும் அதன் வழிவந்த சட்டத்தைத்தான் வைத்திருக்கின்றன.