ஏர்பிஎன்பியில் நன்றாக ஓடும் வீடு விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

கேள்வியின் சுருக்கம் இது: ஒரு சுற்றுலா நகரத்தில், ஏர்பிஎன்பி என்ற வாடகை இணையதளம் வழியாக நாள் வாடகைக்கு ஓடிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி வீடு ஒன்று விற்பனைக்கு வருகிறது. விற்பவர் லைசென்ஸையும் வருமானக் கணக்கையும் எடுத்துக் காட்டுகிறார். தங்குவதற்காக இல்லாமல் முதலீடாக வாங்குபவர் எந்த விதிகளைப் பார்க்க வேண்டும்?

வீடு வாங்குபவர்களுக்காகப் பத்திரங்களையும் ஒப்பந்தங்களையும் படித்துச் சொல்வது என் வேலை. லைசென்ஸ் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது யார் பெயரில் இருக்கிறது, வீடு கைமாறினால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. பல ஊர்களில் இந்த அனுமதி வீட்டோடு சேர்ந்து வராது. ஆளுக்குக் கொடுத்தது, ஆளோடு போய்விடும். கிரயம் முடிந்ததும் நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். விற்றவர் பழைய விதியில் வாங்கியிருப்பார், உங்களுக்குப் பொருந்துவது இன்றைய விதி. புது அனுமதியே கொடுப்பதில்லை என்று நிறுத்திவைத்திருக்கும் இடங்களும் உண்டு.

சமீபத்தில் ஒருவர் ஆசையாக அனுப்பிய லைசென்ஸ் நகலைப் பார்த்தேன். முத்திரை இருந்தது, பதிவு எண் இருந்தது, முகவரியும் சரி. பெயர் விற்பவருடையது, காலாவதிக்குச் சில மாதங்களே பாக்கி, அடியில் பொடி எழுத்தில் 'பிறருக்கு மாற்ற இயலாது' என்று ஒரு வரி. புரோக்கர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் லைசென்ஸ் இருப்பதைக் காரணம் காட்டி விலையை மட்டும் ஏற்றியிருந்தார்.

சரி, அனுமதி கிடைத்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது ஆண்டுக்கு எத்தனை இரவு விடலாம் என்பது. லண்டனில் கட்டடப் பயன்பாட்டை மாற்ற உள்ளாட்சி தரும் தனி அனுமதி இல்லாமல் முழு வீட்டையும் 90 இரவுதான் விடலாம். ஜப்பானில் 2018 ஜூனில் வந்த சட்டப்படி 180 நாள். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடவே கூடாது, ஆகவே நாள் வாடகைக்கு அங்கே இடமே இல்லை. ஆம்ஸ்டர்டாம் அதிகபட்சம் 30 இரவு என்கிறது, பாரிஸ் 2025 முதல் 120-ஐ 90 ஆகக் குறைத்துவிட்டது. கடைசி இரண்டிலும் முதலீட்டாளர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: அந்த இரவுகள் அங்கேயே குடியிருப்பவர் தன் வீட்டை விடுவதற்குத் தந்த சலுகை. வேறெங்கோ இருந்துகொண்டு வாங்கிப்போட்டவருக்கு அந்த 30-ம் இல்லை, 90-ம் இல்லை. நியூயார்க் இன்னும் கறார். 2023 செப்டம்பரில் அமலுக்கு வந்த பதிவு விதிப்படி, 30 நாளுக்குக் குறைவாக விடுவதென்றால் வீட்டுக்காரரும் கூடவே இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது.

இந்த வரம்பு வருமானத்தை எப்படிக் கவிழ்க்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு வாடகை 10 என்று வையுங்கள், அதே வீட்டுக்குச் சாதாரண மாத வாடகை 100. ஆண்டில் 65 சதவீத நாள் ஆள் இருந்தால் சுமார் 237 இரவு, வரவு 2,370. விற்பவர் உங்களிடம் நீட்டுவது இந்தத் தாள்தான். 90 இரவு என்ற வரம்பு வந்தால் வரவு 900. அதிலும் தளத்தின் கமிஷன், சுத்தம் செய்யும் செலவு, துணி வெளுக்கும் செலவு, சுற்றுலா வரி எல்லாம் போக வேண்டும். பேசாமல் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால் 1,200. அதனால் முதல் கணக்கை மாத வாடகையில் போடுங்கள். அதில் கடன் தவணையும் பராமரிப்பும் கட்டுப்படியாகவில்லை என்றால், நான் அந்த வீட்டை விட்டுவிடச் சொல்வேன்.

"ஏற்கெனவே விடுபவர்களை ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று ஆறுதல் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம்பிவிடாதீர்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், முன்பிருந்தே நடப்பது என்ற காரணத்தால் கிடைத்துவந்த பாதுகாப்பையும் புதிய சட்டம் எடுத்துவிட்டது. அங்கே 2024 மே 1 முதல் பல ஊர்களில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டையும், அதோடு அதே இடத்தில் உள்ள ஒரு துணை வீட்டையும்தான் இப்படி விட முடியும். பார்சிலோனாவோ, சுற்றுலாக் குடியிருப்பு லைசென்ஸ் 10,000-க்கும் மேற்பட்டவற்றை 2028 நவம்பருக்கு மேல் புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024 ஜூனில் அறிவித்தது. வீட்டு வாடகை ஏறி உள்ளூர்க்காரர்கள் கொதிக்கும் ஊர்களில் இது தேர்தல் விவகாரம். நகரமன்றத்தில் என்ன விவாதம் நடக்கிறது என்று ஓராண்டுச் செய்திகளையாவது புரட்டிப் பாருங்கள்.

அரசு அனுமதித்தாலும் அடுக்குமாடி உரிமையாளர்களின் அசோசியேஷன் தடுக்கலாம். நாள் வாடகை பற்றி அதன் பைலாவில் (உள்விதிகளில்) ஒரு வார்த்தை இல்லாவிட்டாலும், கடைசிச் சில பொதுக்குழுக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். சண்டை முதலில் அங்கேதான் தெரியும்: நடுராத்திரியில் சூட்கேஸ் உருட்டும் சத்தம், லிஃப்ட், குப்பை, யார் யாரோ கதவைத் தட்டுவது. அது அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகிவிடும். ஸ்பெயினில் 2025 ஏப்ரல் முதல், புதிதாகச் சுற்றுலா வாடகை தொடங்கவே கட்டட உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினரின் ஒப்புதல் வேண்டும்.

வங்கிக் கடன், இன்சூரன்ஸ் இரண்டும் சுருக்கமாக. குடியிருக்கப் போவதாகச் சொல்லிக் கடன் வாங்கிவிட்டு நாள் வாடகைக்கு விட்டால் அது ஒப்பந்த மீறல். சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் பெரும்பாலும் காசு கொடுத்துத் தங்குபவரால் வரும் சேதத்துக்குப் பொறுப்பேற்காது.

சத்தமில்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 மே 20 முதல் பொருந்தும் விதிப்படி, தளங்களே பதிவு எண்ணையும் எத்தனை இரவு போனது என்பதையும் அதிகாரிகளுக்குத் தந்தாக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த வீடு பிடித்திருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் பெயரில் அனுமதி கிடைக்குமா என்று லைசென்ஸ் தரும் அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை போதாது. இன்ன தேதிக்குள் அனுமதி வராவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து போடச் சொல்லுங்கள். லைசென்ஸ் தானாக மாறிவிடும் என்று அடித்துச் சொல்லும் விற்பவர் அந்த ஷரத்தில் கையெழுத்துப் போடத் தயங்கினால், மாறாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.